நாயனம் கேட்க ஆள் இல்லையா?

டிசம்பர் 19, 2023

வாசகர் ஒருவரின் கேள்வி: "தங்கை கல்யாணத்துக்குச் செண்டை மேளம் வைத்தோம். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாதஸ்வரம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடிக்காததை எத்தனை நாளைக்குக் கட்டி இழுப்பது? இன்னும் 20 வருஷத்தில் அது தானாக நின்றுவிடும். நான் சொல்வது தவறா?"

டிசம்பர் 19, இரவு

தவறு. பிடிக்கவில்லை என்று சொல்ல முதலில் கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எப்போதாவது ஒரே ராகத்தை அரை மணி நேரம் உட்கார்ந்து நாயனத்தில் கேட்டதுண்டா? மண்டப வாசலில் இரண்டு சினிமாப் பாட்டு, தாலி கட்டும்போது கெட்டிமேளம், அதோடு சரி. அந்தக் கெட்டிமேளமும் பக்கத்தில் யாரும் தும்மினால் காதில் விழக்கூடாது என்பதற்காக அடிப்பது. இதை வைத்துப் பிடித்தது பிடிக்கவில்லை என்று எப்படி முடிவு கட்டுவது?

நான் கும்பகோணத்துக்காரன். வயது 69. ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபால் பிரிவில் 36 வருஷம் கடிதம் பிரித்தவன். எங்கள் பக்கத்தில் நாதஸ்வரம் என்று யாரும் சொல்வதில்லை, நாயனம்தான். நாயனத்துக்குப் பேர்போன திருவாவடுதுறை, திருவீழிமிழலை, நரசிங்கம்பேட்டை எல்லாம் எங்களுக்குப் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்.

அப்பா நாயன மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையைக் கேட்டவர். பிள்ளை 1956-இல் காலமாகிவிட்டார், நான் கைக்குழந்தை. அப்பா சொல்வார்: "தோடியை எடுத்தார்னா சுவாமி வீதி முனையிலேயே நின்னுடும். பாதம்தாங்கிகள் தோள் மாத்திக்கிட்டே நிப்பாங்க. விடிஞ்சுதான் சுவாமி திரும்பும்." பாதம்தாங்கிகள் என்றால் சுவாமியைத் தோளில் தூக்குகிறவர்கள். அந்த இரவில் கேட்டவர்கள் எல்லோரும் ராகம் தெரிந்தவர்களா? வண்டிக்காரர், பூக்காரர், வாழை இலை விற்றவர். அவர்களுக்கு நேரம் இருந்தது. கேட்கிற நேரத்தை நாம் வெட்டினோம். ஆள் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

டிசம்பர் 20

செண்டையை நான் மட்டமாகச் சொன்னதாக இருவர் கோபித்திருக்கிறார்கள். இல்லை. 1991-இல் உடன் வேலை பார்த்த இரண்டு பேரோடு திருச்சூர் பூரம் போனேன். வடக்குநாதன் கோயிலுக்குள் நடக்கும் இலஞ்சித்தறை மேளம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். மெல்ல ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, கடைசியில் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். என் கையும் மேலேதான் இருந்தது.

நம் கல்யாணத்துக்கு வருவது அந்தக் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும். படி ஏறாமல் உச்சியில் கொண்டுபோய் வைக்கிறோம். நாயனத்துக்குச் செய்த அநியாயத்தையே செண்டைக்கும் செய்கிறோம்.

டிசம்பர் 22

கோயில்களில் மேளத்துக்குப் பதிலாக வந்த மெஷினைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு டிரம், ஒரு மணி, ஒரு சேகண்டி, ஒரு மோட்டார். தீபாராதனைக்கு அர்ச்சகர் சுவிட்சைத் தட்டுவார். தட தட தட என்று ஒரே வேகம். கற்பூரம் அணையும்போது நடுத்தாளத்தில் நின்றுவிடும். எங்கள் ஊரில் எல்லாக் கோயிலிலும் இதுதான் இப்போது. ஒரு மேளக்காரர் குடும்பத்தின் சோறு அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது.

டிசம்பர் 23

"எல்லாக் கோயிலிலும்" என்று நேற்று எழுதியது சரியில்லை. இன்று காலை நடந்து போய்ப் பார்த்தேன். எங்கள் தெருவைச் சுற்றியுள்ள ஐந்து சின்னக் கோயில்களில் மூன்றில் மெஷின். ஒன்றில் மணி மட்டும். ஐந்தாவதில் ஒரு பையன் தவில் வாசித்தான், நாயனம் இல்லை. பெரிய கோயில்களில் இன்றும் ஆள் இருக்கிறார்கள். கோபத்தில் கணக்கைக் கூட்டிவிட்டேன்.

டிசம்பர் 28

முந்தாநாள் சிதம்பரம் தேர் பார்க்கப் போனேன். மல்லாரி கேட்பதற்காகவே போனேன் என்று சொல்ல வேண்டும்.

அறியாதவர்களுக்காக: மல்லாரி என்பது சுவாமி புறப்படும்போது வாசிப்பது. கம்பீர நாட்டை ராகம். சாகித்தியம் கிடையாது, சொல்லே இல்லை. தவில் தனியாக முதலில் அறிவிக்கும், பிறகு நாயனம் சேரும். தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி என்று ஒன்று. முன்பெல்லாம் வீட்டுக்குள் இருந்தபடியே, சுவாமி இப்போது எங்கே இருக்கிறது என்று பாட்டிமார்கள் காதாலேயே சொல்லிவிடுவார்கள்.

கூட்டத்தில் என் பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் நான்கு பேர். போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தவில் திஸ்ரத்துக்கு, அதாவது மும்மூன்றாக எண்ணும் நடைக்கு, மாறியதும் அதில் ஒருவன் போனைக் கீழே இறக்கிவிட்டான். வலந்தலை என்கிற வலது பக்கம் தவில்காரரின் விரல்களையே பார்த்தான். விரல்களில் கூடு மாட்டியிருந்தது. "அது என்ன சார், பிளாஸ்டிக்கா?" என்று என்னிடம் கேட்டான். துணியும் பசையும் சேர்த்துச் சுற்றிக் காயவைத்தது என்றேன். தொப்பி என்கிற இடது பக்கம் அடிக்கிற கழியைப் பற்றியும் கேட்டான். 20 நிமிஷம் நகரவே இல்லை. பிடிக்கவில்லை என்று சொன்ன வாசகரே, அந்தப் பையனை என்ன செய்வது?

ஜனவரி 3, 2024

அரசியல் வேண்டாம் என்று ஒருவர் எச்சரித்தார். 1967 தேர்தலில் ஓட்டுப்போடும் வயது வராமலே கொடி பிடித்துச் சுற்றியவன் நான். எனக்கு அரசியலும் வேண்டும்.

2023 மே மாதம் புதிய நாடாளுமன்றத்தில் செங்கோல் வைத்தபோது நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அது ஆட்சி மாற்றத்தின் சின்னமா இல்லையா என்று ஒவ்வொரு டிவியிலும் விவாதம். 1947 ஆகஸ்டில் அந்தச் செங்கோலோடு திருவாவடுதுறை ஆதீனம் அனுப்பிய குழுவில் மடத்துத் துறவியான தம்பிரானோடும் ஓதுவாரோடும் டெல்லிக்குப் போனவர் ராஜரத்தினம் பிள்ளை. நேருவின் வீட்டுக்கு அந்த ஊர்வலம் நாயனம் முன்னே ஒலிக்கத்தான் போனது. செங்கோலுக்கு ஆயிரம் வரி எழுதியவர்கள் அவருக்கு ஒரு வரி எழுதினார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களுமே அப்படித்தான். எனக்கு அது வலித்தது.

இன்னொன்று. திருக்குவளையில் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்த கலைஞர் கருணாநிதியைச் சிறுவயதில் நாயனம் கற்கத்தான் அனுப்பினார்கள். சட்டை போடக்கூடாது, துண்டை இடுப்பில்தான் கட்ட வேண்டும் என்ற வழக்கம் பொறுக்காமல் அதை விட்டுவிட்டதாக அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஐந்து முறை முதலமைச்சர் ஆனவர் முதலில் எதிர்த்து நின்ற இடம் ஒரு நாயனப் பயிற்சி. இன்று எந்தக் கட்சி ஊர்வலமானாலும் செண்டை, டிரம் செட், ஆளுயர ஸ்பீக்கர். தமிழ்ப் பண்பாடு என்று மேடையில் பேசுகிற தலைவர்கள், தங்களை வரவேற்க யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம்.

ஜனவரி 4

தமிழிசை இயக்கம் நாயனத்துக்கு ஏதாவது செய்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். 1943-இல் தமிழிசைச் சங்கம் தொடங்கியதும், மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கிடைத்ததும் பெரிய காரியம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அந்தச் சண்டை சொல்லைப் பற்றியது. எந்த மொழியில் பாடுவது என்பதுதான் கேள்வி. மல்லாரிக்கோ ராக ஆலாபனைக்கோ சொல் ஏது? மொழிச் சண்டையில் யாருக்கும் பயன்படாமல் நாயனம் வாசலிலேயே நின்றுவிட்டது. சபாக்காரர்கள் அதை மங்கல இசை என்று தொடக்கத்துக்கு வைத்தார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் வந்து நாற்காலி தேடுவார்கள்.

ஜனவரி 18

நேற்று காணும் பொங்கல். ஆடுதுறைப் பக்கம் என் பள்ளித் தோழன் வீட்டுக்குப் போனேன். இங்கே எழுதி வந்ததையெல்லாம் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு நான் எழுதியவற்றில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

அவன் அப்பா நாயனக்காரர். இவன் ஏழு வயதிலிருந்து ஒத்து ஊதினான். ஒத்து என்றால், நாயனம் மாதிரியே இருக்கும், விரல் வைக்கத் துளை கிடையாது. ஒரே சுருதியை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விட வேண்டும். இன்று சுருதிப் பெட்டி செய்கிற வேலை அது. திருவிழாக் காலத்தில் இரவெல்லாம் ஊதிவிட்டுக் காலையில் பள்ளிக்கூடம் வருவான். முதல் மணியிலேயே தலை சாய்ந்துவிடும். ஒரு வாத்தியார் அவனை "பீப்பீ" என்று கூப்பிட்டு எழுப்புவார். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

எட்டாவதோடு ஊதுவதை விட்டான். பிறகு பஸ் கண்டக்டர் ஆனான், ஓய்வும் பெற்றுவிட்டான். வாத்தியார் அடித்ததுதான் காரணம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நேற்றுதான் உண்மையைச் சொன்னான்.

ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிறவரை இவர்கள் செட்டு திண்ணைக்குக் கீழே காத்திருந்தது. கடைசியில் இலை போட்டார்கள். மாட்டுக் கொட்டகை ஓரத்தில். அப்பா பேசாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இவன் உட்காரவில்லை.

"நேரத்தை வெட்டினோம்னு எழுதியிருக்கே. நேரம் கிடக்கட்டும். நீங்க கேக்கறதை நிறுத்தினதுக்கு முன்னாலேயே நாங்க பிள்ளைங்களை நிறுத்திட்டோம். என் பையன் கல்யாண மண்டப வாசல்ல நிக்கக்கூடாதுன்னு நான்தான் அவனை ஐ.டி.ஐ.-க்கு அனுப்பினேன். அவனுக்கு நல்ல ஞானம் இருந்துது" என்றான்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

பிறகு பரணிலிருந்து ஒரு பழைய வேட்டிச் சுற்றை இறக்கினான். உள்ளே அவன் அப்பாவின் நாயனமும் இவன் ஊதிய ஒத்தும். இரண்டும் நரசிங்கம்பேட்டையில் செய்தவை, ஆச்சா மரம். இடித்த பழைய வீடுகளின் தூண், உத்தரங்களிலிருந்துதான் அந்த மரத்தை எடுப்பார்கள், நாள்பட்ட மரத்துக்குத்தான் நாதம். உலவு என்கிற குழல் முழுக்கக் கை எண்ணெய் ஏறி மினுமினுத்தது. அடியில் விரிந்திருக்கும் அணசில் ஒரு கீறல். ஒத்தின் அடித்துளை ஒன்றில் சுருதிக்காக வைத்த மெழுகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, கட்டை விரல் ரேகையோடு. வாயில் வைத்து ஊதும் சீவாளிகள் எல்லாம் காய்ந்து வெடித்துவிட்டன.

ஜனவரி 19

ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி நேற்றைக்குச் சேர்க்க வேண்டியது. கிராப் வெட்டிக்கொண்டார், ஷெர்வானி போட்டார், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். அப்பா காலத்தில் இதைத் திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. நானே வெறும் ஆடம்பரம் என்று நினைத்திருக்கிறேன். மாட்டுக் கொட்டகை ஓரத்து இலையைப் பற்றிக் கேட்ட பிறகு அந்த ஷெர்வானி வேறு மாதிரி தெரிகிறது.

ஒத்தை எடுத்துவிட்டுத் தம்புராவை வைத்துக்கொண்டவரும் அவர்தான். தோழனிடம் இதைப் போனில் சொன்னேன். "வாய்ப்பாட்டுக்காரருக்கு என்ன உண்டோ அது எனக்கும் உண்டுன்னு காட்டினார்ப்பா, சரிதானே" என்றான்.

ராஜரத்தினம் பிள்ளையும் நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியும் சேர்ந்துதான் இன்றைய பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் இருந்தது திமிரி. குட்டையானது, சுருதி உச்சத்தில் இருக்கும், வீதிக்கு ஏற்றது. பாரி நீளம், சுருதி இறக்கம். உட்கார்ந்து கேட்கிறவர்களுக்காக மாற்றிய வாத்தியம் அது. கேட்கிறவர்கள்தான் உட்காரவில்லை.

ஜனவரி 22

பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று திருவாரூரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மாவட்ட அரசு இசைப்பள்ளிக்குப் போங்கள் அம்மா. மூன்று வருஷப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம், தேவாரம், நாதசுரம், தவில் என்று ஏழு பிரிவு. பழனியில் கோயிலே நடத்தும் பள்ளியும் உண்டு.

அரசு இசைப்பள்ளியில் ஒரு விதி. குரலிசைக்கும் வயலினுக்கும் ஏழாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் தேவாரத்துக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். முதலில் இதைப் படித்தபோது எரிச்சல் வந்தது. இங்கேயும் வாசலில் நிற்கிற ஜாதியாகத்தானே வைத்திருக்கிறார்கள் என்று. இரண்டு நாள் யோசித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. என் தோழனைப் போல இரவெல்லாம் ஊதிவிட்டுப் பள்ளியில் தூங்கி, பாதியில் நின்ற பிள்ளைகளுக்கு அந்த விதிதான் கதவு. அது இருக்கட்டும். எடுத்துவிடக் கூடாது.

ஜனவரி 23

பெண்கள் வாசிக்கலாமா என்ற கேள்விக்கெல்லாம் நேரம் செலவழிக்க மாட்டேன். மதுரை பொன்னுத்தாய் அம்மாள் வாசித்துக் காட்டி எத்தனையோ காலம் ஆகிறது. காலிஷாபி மகபூபும் அவர் கணவரும் சேர்ந்து வாசித்து 2020-இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். மதம் பற்றிக் கேட்டவருக்கும் இதே பதில். இவர்கள் இருவரும் ஷேக் சின்ன மௌலானாவின் சீடர்கள். அவர் ஆந்திராவிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறி ரங்கநாதர் சந்நிதியில் வாசித்தவர். அவருடைய கேதாரம் ராகத்தைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

ஜனவரி 31

நேற்று திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. தோழனையும் கூட்டிக்கொண்டு போனேன். விடிகாலையில் நாயனம், பிறகு அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகள். காவேரியில் தண்ணீர் குறைவு, குளிர் நன்றாக இருந்தது.

தியாகராஜர் சமாதிக்குக் கோயில் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி குலத்தில் பிறந்தவர். அவர் கட்டிய இடத்தில் அவரைப் பாட விடவில்லை. பெண்களைத் தனியாகத் திரட்டிப் பாடி, விடாமல் நின்று, கடைசியில் இடத்தை வாங்கினார். இன்று ஆணும் பெண்ணும் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலில் பாடுகிறார்கள். அவர் சிலை முன்னால் தோழன் ரொம்ப நேரம் நின்றான்.

பிப்ரவரி 5

எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எழுதிவிடுகிறேன்.

2004-இல் என் மகள் கல்யாணம். செலவு நோட்டு இன்னும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். பூ, பந்தல், வீடியோ, மெல்லிசை, ஐஸ்கிரீம். மேளம் கடைசிக்கு முந்தின வரி. கேட்ட தொகையில் 500 ரூபாய் குறைத்தேன். மெல்லிசைக்காரர்களிடம் பத்து ரூபாய் பேரம் பேசவில்லை. மாலை வரவேற்பில் நாயனக்காரர் காபி ராகத்தை எடுத்தார், நல்ல விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. மெல்லிசைக்காரர்கள் மைக் டெஸ்ட் பண்ண வேண்டும் என்றார்கள். நான்தான் போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் உடனே நிறுத்தினார். சீவாளியைக் கழற்றித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பழகியிருக்க வேண்டும்.

அவர்கள் எந்தப் பந்தியில் சாப்பிட்டார்கள் என்று நோட்டில் இல்லை. எனக்கும் ஞாபகம் இல்லை. முதல் பந்தி இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

பிப்ரவரி 9

"அதற்காக இப்போது என்ன செய்யப்போகிறீர்கள்?" நியாயமான கேள்வி. தம்பி பேத்திக்கு இந்த மாதம் கல்யாணம். மேளத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 26

கல்யாணம் நேற்று நல்லபடியாக நடந்தது. முந்தின நாள் மாலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மெல்லிசை கிடையாது. வரவேற்பு மேடையிலேயே ஜமுக்காளம் விரித்து இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம். ஐந்தரைக்கு ஆரம்பித்தார்கள். கேட்ட தொகையை அப்படியே கொடுத்தேன், தட்டில் வைத்து, முதலிலேயே. சாப்பாட்டையும் வாசிப்பதற்கு முன்னாலேயே முதல் பந்தியில் போட்டாகிவிட்டது. "வயிறு நிறைஞ்சா மூச்சு வராது சார், அரை வயித்துக்குத்தான்" என்று தலைவர் சிரித்தார். அவருக்கு 30 வயது இருக்கும்.

நாட்டையில் தொடங்கி, கரகரப்பிரியா, அப்புறம் நான் கேட்டுக்கொண்டபடி தோடி. 150 நாற்காலி போட்டிருந்தோம். தோடி ஆரம்பிக்கும்போது உட்கார்ந்திருந்தவர்கள் 40 பேர் இருப்பார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடத்திலும் போட்டோ எடுக்கிற இடத்திலும். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. தவில் தனி வந்தபோது பின்னால் இருந்த பிள்ளைகள் எழுந்து முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். எண்ணவில்லை, பத்துப் பன்னிரண்டு இருக்கும். அதில் இரண்டு பேர் கடைசிவரை போகவில்லை.

முதலில் கேள்வி கேட்ட வாசகருக்கு இந்த 40 என்ற எண்ணை மறைக்காமல் சொல்லியாக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தோழன் வந்திருந்தான். கையில் அந்த வேட்டிச் சுற்று. திருவாவடுதுறைப் பக்கம் போய்ப் புதுச் சீவாளி வாங்கி வந்திருக்கிறான், என்னிடம் சொல்லவே இல்லை. தலைவரிடம் போய் மெதுவாக ஏதோ கேட்டான். அவர் எழுந்து நின்று இவன் கையைப் பிடித்து மேடையில் ஏற்றி உட்காரவைத்தார். சுருதிப் பெட்டியை நிறுத்தினார்கள்.

சீவாளியை வாயில் வைத்து நனைத்தான். மெழுகைக் கட்டை விரலால் அழுத்தினான். இரண்டு முறை பிசிறியது. மூன்றாவது தடவை சுருதி நின்றது. கன்னம் உப்பி, கண்ணை மூடி, தோடி முடிகிற கடைசி நான்கைந்து நிமிஷமும் பிடித்தான். நடுவில் ஒரு தடவை மூச்சு அறுந்தது. தவில்காரர் அந்த இடத்தைத் தட்டி மூடினார். முடிந்ததும் உதட்டைத் துண்டால் ஒற்றிக்கொண்டான். துண்டு தோளில் கிடந்தது.